கோழிக்கால் தையல்

சேலம்,
11-1-1937

அக்கா பூவாத்தாளுக்குத் தம்பி சின்னுசாமி எழுதிக்கொண்டது. இங்கே கடை, வீடு, பெண்டு பிள்ளைகள் எல்லாம் சுகம். உன் சுகத்துக்கும், எருமை கன்று போட்டதா என்பதற்கும் பதில் எழுது.

நல்ல சேதி. அங்கம்மாளுக்கு இடம் அமைந்துவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாயார் அத்தாயி அம்மாள்தான் தோட்டம் துரவெல்லாம் பார்க்கிறவர்கள். கெட்டிக்காரி. என் கடையில் ஒரு சேலையை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்த தினுசிலேயே தெரிந்துகொண்டேன். ஆவணியில் முகூர்த்தம்.

போர்வை உன் பொறுப்பு. நம் வீட்டுப் பெண் புருஷன் வீட்டுக்குப் போகும்போது அத்தை தைத்த போர்வை கூடப் போகவேண்டும். அதில் வேறொரு கை ஒரு தையல்கூடப் போடக் கூடாது. உனக்கு நம் அத்தை தைத்துக் கொடுத்தது நினைவிருக்கும். அம்மாவின் அரக்குச் சேலையையும், கடையில் மிஞ்சிய வெட்டுத்துணி ஒரு மூட்டையையும் மஞ்சள் ஏற்ற வரும் வண்டியில் அனுப்பியிருக்கிறேன்.

அதோடு ஏற்காட்டுப் பங்களாக்காரர்கள் ஆறு போர்வை கேட்கிறார்கள். பூவாத்தாள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கடைசி மூலையில் நீ போடும் மூன்று தையல்தான் தெரியும். அந்தக் கோழிக்கால் இல்லாவிட்டால் திருப்பி விடுவார்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். போன தடவை வந்த போர்வையில் மூன்று இடத்தில் பழுப்புப் புள்ளி. அலசி அனுப்பு.

அப்புசாமியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதானால் நீயே கூப்பிடு. பெரியப்பன் மகன் என்ற முறைக்கு வந்து சாப்பிட்டுப் போகட்டும். ஒரே துணி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சந்தை சந்தையாகப் போனவர்கள் நாங்கள். பாதியில் மூட்டையைப் போட்டுவிட்டு ராசிபுரத்தில் நெய்க் கடை வைத்தவன் அவன். நான் மறக்கவில்லை.

இப்படிக்கு உன் தம்பி,
சின்னுசாமி

நாமகிரிப்பேட்டை,
24-1-1937

தம்பி சின்னுசாமிக்கு அக்காள் பூவாத்தாள் ஆசீர்வாதம். நான் சுகமாக இருக்கிறேன். எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் நன்றாய் நடந்திருக்கும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அங்கம்மாளைத் தூளியில் போட்டு ஆட்டியது நேற்றுப்போல இருக்கிறது. அவளுக்கு எந்த நிறம் நடுவில் வேண்டும் என்று கேட்டு எழுது. அம்மாவின் சேலையை நடுவில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முந்தானை இன்னும் கிழியவில்லை.

என் பாடு எப்போதும்போலத்தான். விடிந்தால் சாணி, பால், மோர். வெயில் ஏறியதும் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து, நாலு காலிலும் துணியை இழுத்துக் கட்டி உட்கார்ந்துவிடுவேன். நாலு பழஞ்சேலை அடியில், வெட்டுத்துணி மேலே. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருகிறேன். கொழுந்தனார் பெண்சாதி வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்கக்கா, ஊசியப் பாக்காமயே குத்தறீங்களே, கையில ஏறாதுங்களா?" என்கிறாள். "ஏறுனாத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

புள்ளி வெற்றிலைச் சாறாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

நாளை ராசிபுரம் போகிறேன். வெண்ணெயை அப்புசாமி கடையில் போட்டுவிட்டு வரவேண்டும். அவனையும் கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லி எழுது தம்பி. உன்னை ஒருநாளும் அவன் குறைவாகப் பேசியதில்லை.

அக்காள்,
பூவாத்தாள்

சேலம்,
20-3-1937

அக்காவுக்கு. சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஆறு போர்வை கேட்டேன். இரண்டு வந்தது, அதிலும் பழுப்புப் புள்ளி. பனி முடிந்து ஏற்காட்டுக்காரர்கள் கம்பளி வாங்கிக்கொண்டார்கள். அது போகட்டும்.

பட்டுப் பார்க்கப் போன வாரம் ராசிபுரம் போயிருந்தேன். அப்புசாமி கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அவன் விடவில்லை.

"வா சின்னுசாமி, வந்து உக்காரு."

உட்காரப் போனவன் நின்றுவிட்டேன். பெஞ்சின்மேல் விரித்திருந்தது உன் போர்வை. நான் இருபது வருஷமாகத் துணியைத் தொட்டுப் பிழைக்கிறவன். எட்ட நின்றாலும் உன் கை தெரியும். கருநீலமும் காவியும். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோணல் இல்லை. நீ எனக்கு அனுப்பிய எதுவும் அதன் கால் தூசிக்கு வராது.

"இதேது?" என்றேன்.

"அக்கா குடுத்தது."

"என்ற அக்காவா?"

"பின்ன? உனக்கு மட்டுந்தான் அக்காவா? ஒரு கரண்டி நெய் தரட்டுமா, வகுறு எரியறது அடங்கும்."

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். பட்டுப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல சரக்கு அவனுக்கு, கழித்த சரக்கு எனக்கா? நூல் கொடுத்தவன் நான், துணி கொடுத்தவன் நான். கூடப் பிறந்தவன் யார் என்று எழுது.

சின்னுசாமி

நாமகிரிப்பேட்டை,
15-4-1937

மகாராஜராஜஸ்ரீ சின்னுசாமி அவர்களுக்கு அக்காள் பூவாத்தாள் சொல்லி, வசந்தாமணி எழுதுவது. இவ்விடம் யாவரும் சௌக்கியம்.

எனக்கு வலது கையில் நகச்சுத்தி வந்திருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் வசந்தாமணியை எழுதச் சொன்னேன். இத்துடன் இரண்டு போர்வை அனுப்பியிருக்கிறேன். புள்ளி இல்லாமல் பார்த்துத்தான் மடித்தேன். கொதிக்கிற தண்ணீரில் அலசியிருக்கிறது. இனிமேல் கொஞ்ச நாளைக்கு விலைக்குத் தைப்பதாக இல்லை. அங்கம்மாள் போர்வையை மட்டும் தைக்கிறேன்.

அப்புசாமிக்குப் போர்வை கொடுத்தது வாஸ்தவம். கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குமேல் கேட்காதே.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

இப்படிக்கு,
பூவாத்தாள்

சேலம்,
22-4-1937

பூவாத்தாளுக்கு.

முத்து முத்தாக எழுதியிருந்தது. வசந்தாமணிக்கு என் வந்தனம் சொல். உனக்கும் எனக்கும் நடுவில் மூன்றாம் ஆள் பேனா பிடிக்கிற காலம் வந்துவிட்டது.

அனுப்பிய இரண்டு போர்வையையும் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். உன் ஓரத் தையல் எப்போதும் வலப்பக்கம் சாயும். இரண்டிலும் இடப்பக்கம் சாய்கிறது. தையல் பெரிசு, இழுப்பு ஒரு சீரில்லை. கோழிக்கால்கூடத் திரும்பி நிற்கிறது. புதிதாக ஊசி பிடித்த எவளோ தைத்தது. உன் அடையாளத்தையும் அவளே போடுகிறாள். வசந்தாமணியா?

உன் கைத் தையல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பெஞ்சில் விரித்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கம்மாள் போர்வையிலும் அவள் கைதானா? அப்படியானால் நிறுத்திவிடு. அத்தை இருந்தும் அத்தை கைப் போர்வை இல்லாமல் என் பெண் போகட்டும்.

சின்னுசாமி

சேலம்,
30-5-1937

அக்காவுக்கு.

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நகச்சுத்தி வாயிலுமா வந்தது?

நேற்று ராசிபுரம் பஸ் கண்டக்டர் வேட்டி வாங்க வந்தான். "உங்க அக்கா தவறாம வர்றாங்களே, கடையில காணமே?" என்றான். எனக்குப் புரியவில்லை. விசாரித்தேன். மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் நீ சேலம் வருகிறாயாம். கையில் துணி மூட்டை. கூட அப்புசாமி, நெய் டின்களோடு. இருவரும் ஒன்றாக இறங்கி ஒன்றாகப் போய், சாயந்திரம் ஒன்றாகத் திரும்புகிறீர்களாம்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து என் கடை கூப்பிடு தூரம். பதினைந்து புதன்கிழமை! ஒருநாள் வந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டாயா? அங்கம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் உன் தலை தெரிந்திருக்கும்.

எந்தக் கடைக்குப் போடுகிறாய்? அவன் என்ன ஏற்பாடு செய்து கொடுத்தான்? நான் செய்யாத எதை அவன் செய்தான்?

சின்னுசாமி

நாமகிரிப்பேட்டை,
8-6-1937

அண்ணாவுக்கு நமஸ்காரமுங்க. இது வசந்தாமணி தானாக எழுதுவது. அக்காளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்கள்.

உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கடைசி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். பிறகு எழுந்து போய் எருமைக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

அங்கம்மாள் போர்வையில் நான் ஒரு தையல் போடவில்லைங்க. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன் என்றாலும் விடுவதில்லை. "அத்தை கைதான் படோணும், நீ எட்டி உக்காரு" என்கிறார்கள். நூல் கோக்கவே அரை நாழிகை ஆகிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குத்தான் கஷ்டம்.

நீங்கள் பெரிய வியாபாரி. சேலையைத் தொட்டால் எந்த ஊர் நூல் என்று சொல்வீர்களாம். புதன்கிழமை அக்கா எங்கே போகிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்கிறீர்கள். உங்களுக்குக் காலு இருக்குதுங்களே, போய்ப் பாருங்க.

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். குழந்தைகளுக்கு என் அன்பு.

வசந்தாமணி

சேலம்,
24-6-1937

அக்கா,

நேற்று வந்தேன். நீ பார்க்கவில்லை.

பஸ் வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் ஒரு சோடாக் கடையில் நின்றுகொண்டேன். எந்தக் கடைக்கு நீ சரக்குப் போடுகிறாய் என்று கண்டுபிடித்து, அங்கேயே நாலு பேர் முன்னால் உன்னையும் அவனையும் கேட்டுவிடுவது என்று வந்தவன் நான். மறைக்கவில்லை.

நீங்கள் கடைவீதிப் பக்கமே திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வழி போனீர்கள். பெரிய கட்டிடத்தைத் தாண்டி, பின்னால் தனியாக ஒரு கொட்டகை. புளியமரத்தடியில் வரிசையாக ஆட்கள். அவர்கள் கைகளைப் பார்த்தேன். காதுகளைப் பார்த்தேன். குஷ்டரோகிகள் வரிசை என்று தெரிந்தது. நீ போய் அதன் கடைசியில் உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்தாய். அம்மாவின் அரக்குச் சேலை. வலது கை மடியில் துணி சுற்றிக் கிடந்தது. இடது கையால் தைத்தாய்.

எனக்கு முதலில் பயம் வந்தது, துக்கம் வந்தது என்று எழுதினால் பொய். உன் பை அப்புசாமியின் தோளில் தொங்கியது. வெயில் திரும்பியதும் அவன் எழுந்து உனக்கு மறைவாக நின்றான். நீ ஏதோ சொன்னாய், அவன் சிரித்தான். நான் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கிறான் என்றுதான் முதலில் எரிந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

கிட்டே வரத் தைரியமில்லை. கடைக்குத் திரும்பி உன் போர்வைகளை விரித்துப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த தையல். எவளோ ஒருத்தியின் கை என்று நான் எழுதியது. பழுப்புப் புள்ளிகளையும் பார்த்தேன். வெற்றிலைச் சாறு என்று எழுதினாய். மாமா போன நாளிலிருந்து நீ வெற்றிலை போடுவதில்லை. அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஏன் சொல்லவில்லை?

சின்னுசாமி

நாமகிரிப்பேட்டை,
1-7-1937

தம்பிக்கு ஆசீர்வாதம். இது என் இடது கை எழுத்து. கோணலைப் பொறுத்துக்கொள். நாலு நாளாக எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்து அப்புசாமி கடைக்கு வெண்ணெய் கொண்டுபோனேன். அடுப்பிலிருந்து இறக்கிய நெய்ச் சட்டியில் கையை ஊன்றிவிட்டேன். எனக்குச் சுடவில்லை. அவன்தான் கத்தினான். "அக்கா, கைய எடு, கைய எடு!" தோல் வெந்துவிட்டது. நான் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே சந்தேகம். ஊசி ஏறியதை ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அவன்தான் டாக்டரிடம் கூட்டிப் போனான். வாரம் ஒரு நீரடிமுத்து எண்ணெய் ஊசி. என்னுடையது மரத்துப் போகிற வகையாம், அடுத்தவருக்கு ஒட்டாதாம். தைக்கலாமா என்று கேட்டேன். தைக்கலாம், வெந்நீரில் அலசு என்றார். அதன் பிறகுதான் ஊசியைத் தொட்டேன். வலது கை ஊசியை அறியாது. இடது கைக்கு இன்னும் வலிக்கிறது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்கிறாய். உனக்குக் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவனுக்கு இல்லை. அவ்வளவுதான். உன் கடைக்கு வந்தால் கைக்கட்டைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் உன் மாடியைப் பார்ப்பேன்.

அவனிடம் இருப்பது வலது கையால் நான் தைத்த கடைசிப் போர்வை. அவன் கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அங்கம்மாளுக்கு அதைக் கொடுத்துவிடு. அவனிடம் சொல்லிவிட்டேன். அம்மா சேலைப் போர்வை என்னிடமே கிடக்கட்டும். திருச்செங்கோட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பெண்ணைப் பெற்றவன் நீ.

பூவாத்தாள்

சேலம்,
8-7-1937

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே அங்கம்மாள் உட்பட எல்லோரும் சுகம். உன் இடது கையின் சுகத்துக்கு எழுது.

சரக்கில் குறையிருந்தால் விலை பேசுமுன் சொல்லிவிடுவது என் பழக்கம். பின்னால் தெரிந்து திருப்புகிறவனிடம் நிற்க என்னால் முடியாது. அங்கம்மாளைக் கேட்டேன். "சொல்லிப்போடுங்கப்பா. அத்தைய ஒளிச்சு வெச்சுட்டு நான் எந்த ஊட்டுக்கும் போகலே" என்றாள். போய் அத்தாயி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "ஊசி போட்டுக்கறாங்களா?" என்றார்கள்.

"ஆமாங்க. வாரா வாரம்."

"யாரு கூட்டிட்டுப் போறது?"

அக்கா, இருபது வருஷ வியாபாரத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குச் சொன்னதுபோலக் கசந்த பதில் எதுவும் இல்லை.

"பெரியப்பன் மகன். அப்புசாமிங்க."

"ஏனுங்க, நீங்க சேலத்துலயே இருக்கறீங்க. நீங்க போகலீங்களா?"

அவன் பேரை என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். கடையில் வேலை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "தெரியாதுங்க" என்றேன். அதைவிட அவமானம் எனக்கு இதுவரை இல்லை.

உன்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். ஆடி பிறப்பதற்குள் வருவார்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான் அங்கே வந்து தங்குகிறேன். புதன்கிழமை நான் உன்னைக் கூட்டிப் போகிறேன். அப்புசாமி அவன் நெய்யைப் பார்த்துக்கொள்ளட்டும். சொல்லிவிடு.

சின்னுசாமி

நாமகிரிப்பேட்டை,
16-7-1937

தம்பிக்கு ஆசீர்வாதம். நீ பத்திரமாக வீடு சேர்ந்திருப்பாய்.

ராசிபுரத்தில் அப்புசாமி ஏறியதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். டின் கொண்டு போகிறேன், பஸ் உன் தம்பியுடையதா என்று கேட்டான். வழக்கம்போல என் பையை வாங்கித் தோளில் மாட்டிய அவன் உன்னிடம் கொடுக்கமாட்டேன் என்றதும், நீ பிடுங்கியதும், வார் அறுந்ததும் பஸ் முழுக்கப் பார்த்தது. நாற்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர். பழைய மூட்டைச் சண்டைதான். ஊசி போடும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நேற்று அத்தாயி அம்மாள் வந்தார்கள். கட்டிலில் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அதை உனக்கு மறைக்கக் கூடாது. போர்வையைப் பார்க்கணும் என்றார்கள். தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் எட்டி நின்று பார்த்தார்கள். பிறகு கிட்டே வந்து ஓரத்தைப் பிடித்துத் தையலை எண்ணினார்கள்.

"இது அம்புட்டும் எடது கையிலயா?"

"ஆமாங்க."

"எத்தன மாசத்துல பழகுனீங்க?"

"இன்னம் பழகலீங்க. பழகப் பழகத்தான் தெக்கறேன்."

போகும்போது வாசலில் நின்று, "முகூர்த்தத்த மாத்த வேண்டியதில்லீங்க. உங்க தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார்கள். வண்டி போன பிறகு வசந்தாமணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எந்தப் போர்வை என்று அவர்கள் சொல்லவில்லை. அப்புசாமி அவனுடையதை உன் கடைக்கு அனுப்புகிறேன் என்றான். கல்யாணம் நாலு பேர் பார்க்கிற இடம். அது நன்றாயிருக்கும்.

பூவாத்தாள்

சேலம்,
23-7-1937

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம். நேற்று முன்தினம் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்ததே, வடிந்ததா?

அப்புசாமி போர்வையை அனுப்பவில்லை. தானே தோளில் போட்டுக்கொண்டு நேற்று வந்தான். பத்து வருஷத்தில் என் கடைப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. "இந்தா, வெச்சுக்க. இன்னியோட உன்ற எரிச்சல் தீரட்டும்" என்று மேஜைமேல் போட்டான்.

விரித்துப் பார்த்தேன். நெய் வாசனை அடித்தது. ஆனாலும் அப்படியொரு வேலை. ஓரம் பூராவும் வலப்பக்கம் சாய்ந்து, கோழிக்கால் நேராக நிற்கிறது. வைத்துக்கொள்ளத்தான் ஆசை வந்தது. அரை மணி நேரம் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது பெரியப்பனுக்குக் குடுத்ததுங்கப்பா" என்றாள்.

மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா சேலைப் போர்வையை முடி. கோணல் இருந்தால் இருக்கட்டும், திரும்பிய கோழிக்காலையே போடு. கல்யாணப் பந்தலில் எல்லோரும் பார்க்கிறமாதிரி அதைத்தான் விரிக்கப் போகிறேன். யார் தைத்தது, எந்தக் கையால் தைத்தது என்று கேட்கிறவர்களுக்கு நானே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வலது கையால் தைத்ததில் கடைசியானது அவனிடம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இடது கையால் நீ தைக்கிறதில் ஒன்றுகூட அவனுக்குப் போகக் கூடாது. கேட்டாலும் கொடுக்காதே. அதெல்லாம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வருகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு, பக்கத்து இடம் எனக்கு. அவன் வருவதானால் நின்றுகொண்டு வரட்டும்.

உன் கூடப் பிறந்தவன்,
சின்னுசாமி